பழைய கணினிப் புத்தகங்களை இன்னும் ஏன் படிக்க வேண்டும்?

கேள்வி: ஜனவரி 6, 2024

பாஸ்கல் என்ற நிரல்மொழியை உருவாக்கிய நிக்லாஸ் வீர்த் காலமானதற்கு ஆளாளுக்கு அஞ்சலி எழுதுகிறீர்கள். நல்லது. ஆனால் பாஸ்கலில் இன்றைக்கு யார் வேலை பார்க்கிறார்கள்? நான் சில வருடமாக டைப்ஸ்கிரிப்ட் மொழியில் வேலை செய்கிறேன். ஒரு கணினிப் புத்தகத்தைக்கூட முழுசாகப் படித்ததில்லை. சந்தேகம் வந்தால் சாட்ஜிபிடி சொல்லிவிடுகிறது. அப்படியிருக்க, நான் பிறப்பதற்கு முன்னால் வந்த புத்தகங்களைப் படி படி என்று சீனியர்கள் ஏன் உயிரை எடுக்கிறார்கள்?

ஜனவரி 6, இரவு

டைப்ஸ்கிரிப்ட் என்று சொன்னது வசதியாகப் போயிற்று. வீர்த் 1970-இல் பாஸ்கலை வெளியிட்டார். 1983-இல் போர்லாண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்கு விற்றது. நிரலை எழுதும் எடிட்டர், அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் எல்லாம் சேர்ந்தும் அதன் மூன்றாம் பதிப்பு 40 கேபியைத் தொடவில்லை. அந்தக் கம்பைலரை எழுதியவர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பர்க். அவர்தான் பிறகு டெல்ஃபி, அதற்கப்புறம் மைக்ரோசாஃப்டில் சி-ஷார்ப், அதற்கும் அப்புறம் டைப்ஸ்கிரிப்ட் செய்தார். மாறியின் (வேரியபிள்) பெயர், ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் அதன் வகை என்று தினமும் தட்டச்சு செய்கிறீர்களே, அது பாஸ்கலில் அப்படியே இருந்தது.

வம்சாவளி சொன்னதால் புத்தகம் படிக்கக் காரணம் கிடைத்துவிடாது, தெரியும். என் காரணம் வேறு. நம் தொழிலில் எழுதுவது கொஞ்சம், படிப்பது நிறைய. போனவன் எழுதிவைத்த நிரலைப் படித்துப் படித்தே நாள் போகிறது. ஆனால் படிக்க யாரும் நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது இயந்திரமும் எழுதித்தள்ள ஆரம்பித்துவிட்டது. படிக்க வேண்டியது இன்னும் கூடத்தான் போகிறது.

ஜனவரி 7

கீழே ஒருவர் 'வீர்த் விதி' என்று எழுதியிருக்கிறார்: வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மெதுவாகிக்கொண்டிருக்கிறது. வீர்த் 1995-இல் எழுதிய கட்டுரையில் அது இருக்கிறது. ஆனால் அவர் அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவில்லை, மார்ட்டின் ரைசர் சொன்னது என்றுதான் எழுதினார். உலகம் கேட்கவில்லை, அவர் தலையில் கட்டிவிட்டது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. நிரலில் வேறு இடத்துக்குத் தாவச் சொல்லும் கோ-டூ கட்டளையைத் திட்டி 1968-இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா ஒரு கணினி இதழுக்குக் கட்டுரை அனுப்பினார். அதை ஆசிரியருக்கு எழுதிய கடிதமாக மாற்றி, 'கன்சிடர்ட் ஹார்ம்ஃபுல்' (தீங்கு என்று கருதப்படுகிறது) என்று தலைப்பும் போட்டவர் வீர்த், அப்போது அவர் அந்த இதழில் ஒரு பகுதியின் ஆசிரியர். இன்று இணையத்தில் எதைத் திட்டினாலும் அந்தத் தலைப்பைத்தான் ஒட்டுகிறார்கள், பெயர் டைக்ஸ்ட்ராவுக்கு. கணக்கு நேராகிவிட்டது.

ஜனவரி 9

படிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றதற்கு ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். நான் படித்த விதத்தைச் சொல்கிறேன், அப்புறம் கோபப்படுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரி. சி மொழி என்றால் நீலத்திரை டர்போ சி. எந்த நிரலும் 'வாய்ட் மெயின்' என்று ஆரம்பிக்கும், அடுத்த வரியில் திரையைத் துடைக்கும், கடைசியில் 'கெட்ச்' போட்டு ஒரு விசை அழுத்தக் காத்திருக்கும். துடைப்பதும் காத்திருப்பதும் கம்பைலர்காரர்கள் சேர்த்த சரக்கு, மொழியின் தரத்தில் இல்லை. தரத்தின்படி, நிரல் தொடங்கும் இடமான மெயின் ஒரு முழு எண்ணைத் திருப்பித் தர வேண்டும். இதை வைவாவில் சொல்லியிருந்தால் மதிப்பெண் போயிருக்கும்.

அப்புறம் ரெக்கார்டு நோட்டு. வலப்பக்கம் பேனாவில் நிரல், இடப்பக்கம் பென்சிலில் வெளியீடு. எழுதும்போது யாரும் எதையும் படிப்பதில்லை. சீனியரின் நோட்டு ஒன்று விடுதியில் சுற்றும், எல்லோரும் அதைப் பார்த்து எழுதுவோம். அவர் ஒரு அரைப்புள்ளியை விட்டிருந்தால் பின்னால் வந்த எல்லா பேட்சுக்கும் அந்த அரைப்புள்ளி கிடையாது. வெளியீடு மட்டும் இடப்பக்கத்தில் சரியாக இருக்கும்! கம்பைலரே வேண்டாம்.

நான் முதலில் உண்மையாகப் படித்தது கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி புத்தகம். மெல்லிய தாளில் வந்த இந்தியப் பதிப்பு. 300 பக்கம்கூட இல்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) இன்னொரு இடத்துக்குப் பிரதி எடுக்கும் ஸ்டிரிங்-காப்பியை நான்கு விதமாக எழுதிக்காட்டுவார்கள். முதலில் அணியின் (வரிசையாக அடுக்கிய எழுத்துகளின்) எண்ணைக் கூட்டிக்கொண்டே போவது, எல்லோருக்கும் புரியும். அடுத்ததில் சுட்டி (நினைவகத்தில் ஒரு இடத்தைக் காட்டும் மாறி) வந்துவிடும். மூன்றாவதில் வரி குறையும். நான்காவதில் நிபந்தனை பொருந்தும்வரை சுற்றும் ஒரே ஒரு 'வைல்' வரி மட்டும்தான், உள்ளே செய்ய ஒன்றுமில்லை, தனியாக ஒரு அரைப்புள்ளி. எல்லா வேலையும் நிபந்தனைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பேருந்தில் உட்கார்ந்து அதை விரலால் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திப் பார்த்தேன். நிரலைப் படிப்பது என்றால் அதுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அதே நான்காவது வடிவம் எவ்வளவு ஆபத்தானது என்று தெரிய இன்னும் சில வருடம் ஆயிற்று. போய்ச் சேரும் இடத்தில் இடமிருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு 1988. அதே வருடம் நவம்பரில் தானாகப் பரவும் மோரிஸ் புழு, அளவு பார்க்காத இன்னொரு சி சார்பின் (ஃபங்ஷன்) வழியாகவும் யூனிக்ஸ் இயக்குதளம் ஓடிய இயந்திரங்களுக்குள் புகுந்தது. அழகும் ஓட்டையும் ஒரே பக்கத்தில்.

ஜனவரி 13

"படிக்கத் தகுந்த நிரல் என்று ஒன்றைக் காட்டுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். லயன்ஸ்.

ஜான் லயன்ஸ், சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். 1976-77 வாக்கில் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூல நிரலை மாணவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார். ஒன்பதாயிரம் வரிச் சொச்சம். ஒரு தொகுதியில் நிரல், வரி எண்களோடு. இன்னொரு தொகுதியில் அதற்கு உரை. நம் ஊரில் நூற்பாவுக்கு உரை எழுதிய மாதிரியேதான்: இந்த வரி ஏன் இங்கே, இதை முன்னால் எங்கே பார்த்தோம், இது கொஞ்சம் சந்தேகத்துக்குரியது என்று போகும்.

ஏழாம் பதிப்பு 1979-இல் வந்தபோது உரிம நிபந்தனை மாறியது. மூல நிரலை வகுப்பில் சொல்லிக்கொடுக்கக் கூடாது. லயன்ஸின் உரையும் வெளியே வர முடியவில்லை. அதனால் என்ன, ஜெராக்ஸ் எடுத்தார்கள். ஜெராக்ஸின் ஜெராக்ஸ், அதற்கு ஒரு ஜெராக்ஸ். முறையாக அச்சில் வந்தது 1996-இல். லயன்ஸ் 1998-இல் இறந்தார், ஆக அச்சிட்ட பிரதியைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

வகுப்பில் காட்ட முடியாது என்ற அந்தத் தடையால்தான் பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்பாம் தானே மினிக்ஸ் என்ற சின்ன இயக்குதளத்தை எழுதினார், 1987-இல். அதை வைத்துக்கொண்டு ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் விளையாடினார், லினக்ஸ் பிறந்தது. 1991. மீதிக் கதை தெரியும்.

லயன்ஸ் உரை எழுதிய அந்த யூனிக்ஸ் நிரலில் 2238-ஆம் வரியில் ஒரு குறிப்பு இருக்கிறது: 'இது உனக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை.' டி-ஷர்ட்டில் எல்லாம் போட்டுவிட்டார்கள். ஒரு செயல்முறையிலிருந்து (ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலிருந்து) இன்னொன்றுக்குத் தாவும் இடம் அது. சாதாரணமாக ஒரு சார்பு முடிந்தால் தன்னை அழைத்த இடத்துக்குத் திரும்பும். இங்கே சில சமயம் வேறு ஒரு சார்பு எப்போதோ சேமித்துவைத்த அடுக்கை (எங்கே திரும்ப வேண்டும் என்ற குறிப்பு இருக்கும் இடத்தை) எடுத்துக்கொண்டு, அது நின்ற இடத்துக்குத் திரும்பும். உள்ளே போன வாசல் வேறு, வெளியே வரும் வாசல் வேறு. படிக்கிறவன் தலை சுற்றத்தான் செய்யும்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. திமிராக எழுதவில்லை, 'பரீட்சைக்கு இது வராது' என்ற அர்த்தத்தில்தான் எழுதினோம் என்று, சி மொழியைத் தந்தவரும் யூனிக்ஸை எழுதியவர்களில் ஒருவருமான டென்னிஸ் ரிச்சி பின்னாளில் விளக்கினார். அதோடு விடவில்லை. உண்மையான சிக்கல் என்னவென்றால், அங்கே என்ன நடக்கிறது என்று எங்களுக்கே சரியாகப் புரியவில்லை என்றும் சொன்னார். அந்த முறையையே பிறகு மாற்றினார்கள்.

ஜனவரி 14

சென்னை ரிச்சி தெருவுக்கும் டென்னிஸ் ரிச்சிக்கும் சம்பந்தமில்லை. நேற்றிலிருந்து மூன்று பேர் கேட்டாயிற்று. ஆனால் கீபோர்டு வாங்க அங்கே போகும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுவேன், அதைத் தடுக்க முடியாது.

2011 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் போனபோது நாளிதழ்கள் முதல் பக்கத்தை ஒதுக்கின. ஒரு வாரத்தில் ரிச்சி போனார். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு யார் என்றே தெரியவில்லை. ஐபோனுக்குள் ஓடுவது யாருடைய மொழி என்று கேட்டால் கோபம் வருகிறது, விடுங்கள்.

ஜனவரி 20

"பிரெட் புரூக்ஸ் புத்தகம் காலாவதி" என்று ஒரு நீண்ட பதில் வந்திருக்கிறது. அதில் பாதி சரி.

தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்ற ஒரு வரியை மட்டும் வைத்து எல்லோரும் அவரை அறிவார்கள். ஐபிஎம்மில், 360 வகைக் கணினிகளுக்கான இயக்குதளமான ஓஎஸ்/360 திட்டத்தை நடத்தியவர். 1963 முதல் 1966 வரை சுமார் 5,000 ஆள்-வருடம் அதில் போயிற்று என்பது அவரே சொன்ன கணக்கு. 1975-இல் வந்த 'மிதிக்கல் மேன்-மந்த்' அந்த அனுபவத்தில் பிறந்தது. அணியின் நிர்வாகிக்கு ஒரு செயலர், ஆவணத்தைத் திருத்துபவருக்கு இன்னொரு செயலர் என்றெல்லாம் வரும் பகுதிகளை இன்று படித்தால் சிரிப்புதான் வரும். அதைத் தள்ளிவிடுங்கள்.

நான் திரும்பத் திரும்ப எடுப்பது 1995 பதிப்பில் அவர் சேர்த்த அத்தியாயத்தை. இருபது வருடம் கழித்துத் தன் புத்தகத்தைத் தானே திருத்த உட்கார்கிறார். முதலில் எழுதுவதைத் தூக்கிப்போடத் திட்டமிடு என்று சொன்னேனே, அது தவறு, ஒவ்வொரு கட்டமும் வரிசையாக முடியும் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டு சொன்னது என்கிறார். இன்னொன்று பெரியது. ஒவ்வொரு புரோகிராமரும் மற்ற எல்லோருடைய நிரலையும் பார்க்க வேண்டும் என்று 1975-இல் வாதாடியிருந்தார். ஒவ்வொரு பகுதியும் தன் உள்விவரத்தை மறைக்க வேண்டும் என்று கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் 1972-லேயே எழுதியிருந்தார். 'பார்னாஸ் சொன்னது சரி, நான் சொன்னது தவறு' என்று புரூக்ஸ் பச்சையாக ஒத்துக்கொள்கிறார். இப்போது வரும் மேலாண்மைப் புத்தகங்களில் இப்படி ஒரு பக்கத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்.

ஆக, காலாவதியான பகுதிகளுக்காகவும்தான் அதைப் படிக்கச் சொல்கிறேன். எங்கே, எப்போது, எதனால் தவறினார் என்று தேதியோடு இருக்கிறது.

ஜனவரி 21

புரூக்ஸ் பற்றி இன்னொன்று. ஐபிஎம் 360-இல் தான் எடுத்த முடிவுகளிலேயே முக்கியமானது எது என்று கேட்டபோது, ஒரு எழுத்தைச் சேமிக்கும் இடமான பைட்டை 6 பிட்டிலிருந்து 8 பிட்டாக்கியது என்றார். ஆங்கிலத்துக்குச் சின்ன எழுத்து கிடைத்தது அதனால்தான்.

நமக்கும் அதில் பங்கு உண்டு. 8 பிட் என்றால் 256 இடம். ஆங்கிலத்துக்கு 128 போனால் மிச்சம் 128. அந்த மிச்சத்தில்தான் 247 எழுத்தையும் எப்படியாவது திணிக்க வேண்டும் என்று தமிழர்கள் பல வருடம் மல்லுக்கட்டினார்கள். டிஸ்கி என்ற குறிமுறை ஒரு பக்கம், 1999 தமிழிணைய மாநாட்டில் வந்த டாம், டாப் குறிமுறைகள் இன்னொரு பக்கம். பத்திரிகைக்கு ஒரு ஃபான்ட். தளத்தைத் திறந்தால் முதலில் ஃபான்ட் இறக்கு என்று வரும். வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

டிஸ்கியிலிருந்து, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதினேன். எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட்டால் முடிந்தது என்று உட்கார்ந்தேன். 'கொ' வந்து நின்றது. டிஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசை: ஒற்றைக்கொம்பு, ககரம், கால். யூனிகோடில் ககரம் முதலில், அதன் பின்னால் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி. கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும், அதற்குப் பின்னால் கால் வருகிறதா என்று எட்டிப்பார்த்துவிட்டுத்தான் எதையும் எழுத முடியும். ஐகாரத்துக்கும் அதே பாடு.

யூனிகோடு வந்ததும் தொல்லை தீர்ந்ததா? 'கோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் அச்சு அசலாக ஒன்றே. ஒரு வாடிக்கையாளரின் தரவுத்தளத்தில் 'கோபால்' என்று தேடினால் சிலர் மட்டும் வந்தார்கள். மற்ற கோபால்கள் எங்கே? இரண்டு பெயரையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், ஒரு வித்தியாசமும் இல்லை. பைட்டுகளை எண்ணிய பிறகுதான் ஒன்று நீளம் என்று தெரிந்தது. சேமிக்கும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை யாரும் போடவில்லை.

ஔகாரத்துக்கு ஒகரமும் ளகரமும் தட்டுகிறவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த இழை முடியாது.

பிப்ரவரி 3

டொனால்ட் நூத்தின் 'ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' நூலைப் படித்தீர்களா என்று நக்கலாக ஒருவர். அலமாரியில் முதல் பாகம் இருக்கிறது. 1968-இல் வந்தது, நான்காம் பாகத்தின் இரண்டாம் துண்டு 2022-இல் வந்தது, மனிதர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். பட்டியல்களும் மரங்களும் வரும் இரண்டாம் அத்தியாயத்தில் நன்றாக உழன்றிருக்கிறேன். முழுசாகப் படித்தேன் என்று சொல்கிற யாரையும் நம்புவதில்லை. தவறு கண்டுபிடித்தால் 2008 வரை 2.56 டாலர் காசோலை அனுப்பிக்கொண்டிருந்தார், 256 காசு என்பது பதினாறடிமான எண்முறையில் 100, ஆக அது ஒரு டாலர். வாங்கியவர்களில் பலர் பணமாக்காமல் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள்.

ஆனால் நூத்தில் எதைப் படிப்பது என்று கேட்டால் நான் கைகாட்டுவது அந்தப் பெரிய நூலை அல்ல, 1989-இல் வந்த 'தி எரர்ஸ் ஆஃப் டெக்' கட்டுரையை. டெக் அச்சுக்கோப்பு நிரலை எழுதத் தொடங்கிய 1978 முதல், திருத்திய ஒவ்வொன்றையும் நாட்குறிப்பு போலக் குறித்துவைத்திருந்தார். எண்ணூறுக்கும் மேல். அதை அப்படியே வெளியிட்டுவிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆங்கில எழுத்து: வழிமுறையே பிசகியது ஒரு எழுத்து, மறந்துபோனது ஒன்று, எதிர்பாராமல் இரண்டு பகுதிகள் மோதிக்கொண்டது ஒன்று, வெறும் தட்டச்சுப் பிழை ஒன்று, சுத்த மடத்தனம் என்று ஒன்று. மொத்தம் பதினைந்து.

இதைப் படித்த பிறகு எங்கள் அணியின் பக் (நிரல் பிழை) பட்டியலுக்கும் இப்படி வகை பிரித்தேன். 'மறந்துபோனது' எல்லாவற்றையும் தாண்டி நின்றது. 'மடத்தனம்' என்ற வகையில் தன் பக்கைப் போட யாரும் முன்வரவில்லை, மேலாளர் அந்த வகையையே எடுக்கச் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 4

சுஜாதாவை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். நான் தொழில்நுட்ப வாசிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் அவருடைய ரோபோ நாய் ஜீனோவைப் படிக்காமல் இந்தத் துறைக்கு வந்த தமிழர்கள் என் வயதில் குறைவு. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேலை செய்தவர். பகலில் ஒரு இயந்திரம், இரவில் ரோபோ நாய். சரி, சொல்லிவிட்டேன்.

மார்ச் 30

இழையை மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா. புனித வெள்ளி விடுமுறையைக் கெடுத்துக்கொண்டு எல்லோரும் சர்வர்களைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கம். லினக்ஸில் எங்கும் இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் கருவி எக்ஸ்-இசட். அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்வாசல் வைத்திருக்கிறார்கள். சில லினக்ஸ் வகைகளில், தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வர் சுற்றிவளைத்து இந்தக் கருவியின் லைப்ரரியை இழுத்துக்கொள்கிறது, ஆக பின்வாசல் திறப்பது சர்வரின் தலைவாசலில். வைத்தது 'ஜியா டான்' என்ற பெயரில் 2021-லிருந்து பொறுமையாகப் பங்களித்து, பராமரிப்பாளராகவே ஆகிவிட்ட ஒரு கணக்கு. சம்பளமில்லாமல் தனியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரை, ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறாய், இன்னொருவரிடம் கொடு என்று வேறு சில கணக்குகள் 2022-இல் அரித்தெடுத்திருக்கின்றன. அந்த மின்னஞ்சல்களை இப்போது படித்தால் வயிற்றைப் பிசைகிறது.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எழுதுபவர்களில் ஒருவர். வேறு எதையோ அளந்துகொண்டிருந்தபோது எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்திருக்கிறார். அரை விநாடி! நாமாக இருந்தால் 'நெட் ஸ்லோ' என்று டீ குடிக்கப் போயிருப்போம்.

மார்ச் 31

நேற்று எழுதியபிறகு ஒரு உறுத்தல். ஜனவரியிலிருந்து நிரலைப் படி, நிரலைப் படி என்று கத்திக்கொண்டிருக்கிறேன். இந்த விஷயத்தில் எக்ஸ்-இசட்டின் மூல நிரலை எல்லோரும் பார்க்க வைத்திருந்த கிட் களஞ்சியத்தில் இருந்த நிரலை லயன்ஸே வந்து வரிவரியாகப் படித்திருந்தாலும் பிடித்திருக்க முடியாது. விஷம் சோதனைக்கான பைனரிக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. அதை வெளியே எடுத்து ஓடவைக்கும் வரி களஞ்சியத்தில் இல்லவே இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது.

ரிச்சியோடு யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்ப்சன் இதை எப்போதோ சொல்லிவிட்டார். கணினித் துறையின் பெரிய பரிசான டூரிங் விருது ஏற்பு உரை, 1984-இல் அச்சானது, மூன்று பக்கம். லாகின் நிரலைக் கம்பைல் செய்யும்போது பின்வாசல் வைக்கும்படியும், தன்னையே கம்பைல் செய்யும்போது அந்தக் குணத்தை மறுபடி நுழைக்கும்படியும் கம்பைலரைச் செய்துவிட்டால், மூல நிரலிலிருந்து எல்லாத் தடயத்தையும் அழித்துவிடலாம். நிரல் சுத்தம், இயந்திரம் அசுத்தம். அவர் அப்போது செய்த நிரலையே போன அக்டோபரில் ரஸ் காக்ஸ் விளக்கக் குறிப்புகளோடு வெளியிட்டிருக்கிறார். சி நிரல் நூறு வரிக்குள்தான். படித்தபோது சுவாரசியமாக இருந்தது. இன்று சுவாரசியமாக இல்லை.

படிப்பது என்பதை ஓட்டிப் பார்ப்பது, அளப்பது எல்லாம் சேர்த்துத்தான் இனிமேல் சொல்வேன். ஃபிராயிண்டும் ஒரு வாசகர்தான், படித்தது கடிகாரத்தை.

ஏப்ரல் 6

ஏஐ-க்கு எதிரி என்று என்னை முத்திரை குத்த வேண்டாம். தினமும் பயன்படுத்துகிறேன். பெயர் தெரியாத லைப்ரரியின் முதல் அரைமணி நேரத்தை அது மிச்சப்படுத்துகிறது. ஆனால் போன வாரம் நடந்ததைக் கேளுங்கள்.

வங்கி வட்டி கணக்கிடும் பழைய நிரல் ஒன்று. நடுவில் ஒரு நிபந்தனை: குறிப்பிட்ட ஒரு கிளை எண்ணாக இருந்தால் அடுத்த படியைத் தாண்டிப் போ. குறிப்பு ஒன்றும் இல்லை. ஏஐ அதைப் பார்த்துவிட்டு, இந்த எண்ணில் இப்போது கிளையே இல்லை, நீக்கிவிடலாம் என்றது. பட்டியலைப் பார்த்தால் அது சொன்னது சரி. ஓய்வு பெற்ற ஒரு அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஐயோ, அதைத் தொட்டுடாதப்பா! அந்தக் கிளையை இன்னொண்ணோட சேத்தப்போ பழைய கணக்குகளுக்கு வட்டி ரெண்டு தடவ ஏறிடுச்சு, அதுக்குப் போட்ட கட்டு அது. இன்னும் அந்த வைப்புத்தொகை சிலது முடியல." நிரலில் எங்கே இருக்கிறது இது? எங்கேயும் இல்லை. அவர் தலையில் இருக்கிறது.

டென்மார்க்காரர் பீட்டர் நவுர் 1985-இல் ஒரு கட்டுரை எழுதினார்: நிரல் எழுதுவது என்பது கோட்பாடு ஒன்றை மனத்துக்குள் கட்டுவது, தாளில் இருப்பது அதன் நிழல். அந்தக் கோட்பாட்டை வைத்திருந்த ஆட்கள் கலைந்துவிட்டால் நிரல் ஓடிக்கொண்டிருந்தாலும் செத்த கணக்குதான் என்கிறார். கேள்வி கேட்டவர் ஒரே ஒன்றைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படிக்கட்டும். கொஞ்சம் வறட்டு நடை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் சொன்னதை நிபந்தனைக்கு மேலே நான்கு வரிக் குறிப்பாகப் போட்டுவிட்டேன். ரிவியூவில் 'குறிப்பு நீளமாக உள்ளது' என்று வந்தது.

ஆகஸ்ட் 8

ஜூலை 19-ஆம் தேதி 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத்திரையோடு நின்றதே, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் புதுப்பிப்பால், அதன் மூலகாரண அறிக்கை இந்த வாரம் வந்திருக்கிறது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொடுத்தார்களே, அதற்குக் காரணம் இதுதான்: அந்த மென்பொருளின் ஒரு வார்ப்பு (டெம்ப்ளேட்) 21 புலங்களை எதிர்பார்த்தது, அதற்கு உள்ளீடு தந்த நிரல் 20-தான் தந்தது. இருபத்தோராவதைத் தேடிப்போய் அணிக்கு வெளியே படித்துவிட்டது. முந்தைய சோதனைகளில் அந்தப் புலத்துக்கு 'எதுவாக இருந்தாலும் சரி' என்று கொடுத்திருந்ததால் யாரும் அதைத் தொட்டுப் பார்க்கவே இல்லை.

நூத்தின் பதினைந்தில் இது எந்த எழுத்து? நான் 'பொருந்தாமை' என்பேன். அலுவலக நண்பர் 'மறந்துபோனது' என்கிறார். மதியச் சாப்பாடு முழுக்க இதே சண்டை. அறிக்கையை நிதானமாகப் படியுங்கள், இந்த வருடத்தின் நல்ல வாசிப்புகளில் ஒன்று.

ஆகஸ்ட் 11

சேர்ந்து படிக்கலாமா என்று ஆறேழு பேர் கேட்டிருக்கிறீர்கள். படிக்கலாம். லயன்ஸ் நேரடியாக வேண்டாம், பிடிபி-11 என்ற பழைய கணினியின் அசெம்பிளி மொழியும் பழைய சி நடையும் பாதிப் பேரை முதல் வாரமே விரட்டிவிடும். எம்ஐடி மாணவர்களுக்காக 2006-இல் அதே ஆறாம் பதிப்பை இன்றைய சி-யில் திரும்ப எழுதிய எக்ஸ்வி6 இருக்கிறது. பத்தாயிரம் வரிக்குள், கூடவே விளக்கப் புத்தகமும் இலவசம்.

சனிக்கிழமை காலை. அச்செடுத்துக்கொண்டு வாருங்கள், திரையில் படித்தால் வாட்ஸ்அப் பார்க்கத் தோன்றும். முதலில் 'கேட்', 'எக்கோ' போன்ற குட்டி நிரல்கள், அப்புறம் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கும் ஷெல், அதற்கப்புறம்தான் இயக்குதளத்தின் மையமான கர்னல். செயல்முறை தாவும் இடத்துக்கு அவசரப்பட்டு யாரும் ஓட வேண்டாம். எக்ஸ்86 சில்லுக்கான பதிப்பை இறக்கிவிடாதீர்கள், அதை இப்போது பராமரிப்பதில்லை. ரிஸ்க்-ஃபைவ் சில்லுக்கான பதிப்பை எடுங்கள்.